ஒருநாள் ஆறப்போட்ட குழாய்த் தண்ணீர்

இன்று காலை குழாயைத் திறந்ததும் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. மேற்கே மழை பிடித்துத் தண்ணீர் கலங்கி வருகிறதாம். அதனால் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். குடத்தை நிரப்பி, மூடாமல் முற்றத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது உங்கள் நினைவு வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. விபூதி வாடையிலோ, பீரோவில் தொங்கும் கறுப்புக் கோட்டின் பாச்சை உருண்டை வாடையிலோ வராத நீங்கள், பிளீச்சிங் பவுடரில் வந்து நிற்கிறீர்கள். பொருத்தம்தான்.

‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். நீங்கள் இருந்தவரைக்கும் உங்களுக்கு ஒரே ஒரு கடிதம்தான் எழுதியிருக்கிறேன், பிரசவத்துக்கு மதுரைக்குப் போயிருந்தபோது. அதில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. ஆகவே இந்தக் கடிதத்திலும் அன்பு வேண்டாம். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சிவப்பு மைப்புட்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

போன மாசி மாதம் கோர்ட்டில் உங்கள் படத்தைத் திறந்து வைத்தார்கள். என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் உங்கள் கூர்மையான அறிவைப் புகழ்ந்தார்கள். ஒருவர், மீன் வளர்ப்பதில்கூட உங்களுக்கு இருந்த விஞ்ஞான ஞானத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். குழாய்த் தண்ணீரை எப்படிப் பக்குவப்படுத்த வேண்டும் என்று நீங்கள் தனக்குச் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த ஞானம் எப்படி வந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இன்னும் ஒருத்திக்கும் தெரியும். ஆனால் நீங்கள் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதையே நம்பிவிடும் சாமர்த்தியம் உள்ளவர். அதனால் ஒரு தடவை முழுவதுமாக நினைவுபடுத்திவிடுகிறேன். குறுக்கே பேச முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். எனக்கு அது வசதி.

நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம். ஒரு அப்பீலுக்காக மெட்ராஸ் போனீர்கள். அங்கே பெரிய வக்கீல் ஒருவர் வீட்டு முன்னறையில் மீன்தொட்டியைப் பார்த்தீர்கள். அவருடைய சட்ட அறிவைப் பார்த்து உங்களுக்குப் பொறாமை வரவில்லை, தொட்டியைப் பார்த்து வந்தது. அடுத்த வாரமே இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த நாலடித் தொட்டி ஒன்று வைக்கோல் சுற்றி ரயிலில் வந்து இறங்கியது. கூடவே ஒரு தகர டின்னில் எட்டுத் தங்கமீன்கள். திண்டுக்கல் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் குதிரை வண்டியில் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். நம் மகளை அப்படி ஒரு நாளும் நீங்கள் மடியில் வைத்துக்கொண்டதில்லை.

தொட்டி உங்கள் ஆபீஸ் அறையில், கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே வைக்கப்பட்டது. மீன்களில் பெரியதுக்கு ‘ஜட்ஜ்’ என்று பெயர் வைத்தீர்கள். சாணார்பட்டியிலிருந்தும் கீரனூரிலிருந்தும் வரப்புத் தகராறோடு வரும் சம்சாரிகள் அதை வாய் பிளந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு உங்களைப் பார்க்க வேண்டும். அவர்களும் பார்த்தார்கள்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் வெள்ளையம்மாள். நம் வீட்டில் ஆறு வருஷமாக வேலை செய்தவள். புருஷனை இழந்தவள், என் வயதுதான் இருக்கும். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, நம் தெருக்கோடியில் வாடகைக்கு ஒரு குச்சில் இருந்தாள். அப்போது வீட்டில் குழாய் கிடையாது. கொல்லைக் கிணற்றில் லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீர்தான். வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியிலிருந்து நாலு குடம் முகந்து கொட்டிவிட்டு, நாலு குடம் கிணற்றுத் தண்ணீர் மெதுவாக ஊற்றுவாள். மொத்தத்தையும் மாற்றினால் என்ன என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

“வேணாங்க்கா. ஒரேடியா மாத்துனா மெரளுதுக. நமக்கே வேத்தூருத் தண்ணி குடிச்சா சளி பிடிக்கிதுல்ல?” என்றாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த மீன்களை அவள் பார்த்தாள், அவ்வளவுதான். ஏழு மாதம் எட்டு மீனும் ஒரு செதில் உதிராமல் இருந்தன. அந்த ஏழு மாதமும் வந்தவர்களிடமெல்லாம் “மீன் வளக்குறது ஒரு கலை” என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கை ஈரமானதை நான் பார்த்ததில்லை.

பிறகு வீட்டுக்குக் குழாய் வந்தது. நம் தெருவில் முதல் வீட்டுக் குழாய் நமக்குத்தான். தேங்காய் உடைத்துத் திறந்தீர்கள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த சப்-ஜட்ஜ் ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். அவருக்கும் மீன் பைத்தியம் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை வெள்ளையம்மாளைக் கூப்பிட்டீர்கள்.

“தொட்டித் தண்ணிய பூரா எறச்சுக் கொட்டு. கெணத்துத் தண்ணி மங்கலா இருக்கு. குழாய்த் தண்ணி ஊத்து, கண்ணாடி மாதிரி தெரியணும்.”

அவள் குழாயில் ஒரு வாளி பிடித்து முகர்ந்து பார்த்தாள். அது கோடைக்காலம். காலரா பயம் இருந்ததால் தண்ணீரில் பவுடர் தாராளமாகக் கலந்திருந்தார்கள். அது மனிதர்களைக் காப்பாற்றத்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“சாமி, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. பானையில கொஞ்சம் வச்சிருந்து நாளைக்கு ஊத்தவா?” என்றாள்.

“ஒனக்கு வாடையெல்லாம் தெரியுமோ? கெணத்துத் தண்ணி குடிச்சு வளந்த கழுதை. சொன்னதச் செய்.”

அவள் தயங்குவதைப் பார்த்துவிட்டு, ரப்பர் குழாயை விட்டுத் தொட்டித் தண்ணீரை நீங்களே வெளியே வடித்தீர்கள்; பிறகு அதையே தண்ணீர்க் குழாயில் மாட்டினீர்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களே தொட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்சினீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

கால் மணி நேரத்தில் மீன்கள் அங்குமிங்கும் முட்டின. பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்தன. செவுள்கள் விரிந்து சிவந்து கிடந்தன. “புதுத் தண்ணி, குஷியில வெளையாடுது” என்றீர்கள். பத்து மணிக்கு முதல் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஜட்ஜ் உட்பட எட்டும் மிதந்தன.

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். துக்கம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மேலே, பெஞ்சில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

“ஏய், இங்க வா. கையக் காட்டு.”

வெள்ளையம்மாள் கையை நீட்டினாள். வெற்றிலை போடுகிறவள், ஆள்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

“சுண்ணாம்புக் கையத் தொட்டிக்குள்ள விட்டிருக்க.”

“நான் கைய விடவே இல்லையே சாமி. நீங்கதானே ரப்பர் குழாய விட்டீங்க?”

இதுதான் அவள் செய்த குற்றம். நாலு பேர் முன்னால் நடந்ததை நடந்தபடி சொன்னது.

“நீ கைய விடலேங்கிறதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டீர்கள், கூண்டில் நிற்பவளைக் கேட்பது போல. “சாட்சி இருக்கா? இவங்கள்ல யாராவது சொல்லுவாங்களா?”

கட்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் கேஸ் உங்கள் கையில் இருந்தது. அவள் திரும்பி, நிலைவாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். நான் காலையிலிருந்து அங்கேதான் நின்றிருந்தேன். நானும் தரையைப் பார்த்தேன்.

“வெளிய போ. இனி இந்தத் தெருவுல ஒன்னய நான் பாக்கக் கூடாது.”

அவள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். தூக்கி எறியவில்லை, சாத்தித்தான் வைத்தாள்.

மறுநாள் சப்-ஜட்ஜ் வந்தபோது வெறும் தொட்டியின் மேல் என் பட்டுப்புடவை ஒன்றைப் போர்த்தி, “ரிப்பேர்ல இருக்கு சார்” என்றீர்கள். அவர் போன பிறகு அந்தப் புடவையை நான் உடுத்தவே இல்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

சுண்ணாம்புக் கை என்ற பேச்சு இரண்டே நாளில் விஷம் என்று ஆகிவிட்டது. “வக்கீல் வீட்டுல மீனுக்கு வெசம் வச்சவ” என்றார்கள். இன்றைக்கு மீனுக்கு வைத்தவள் நாளைக்குக் குழம்பில் வைக்க மாட்டாளா என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். நம் தெருவில் மட்டுமில்லை, பக்கத்துத் தெருவிலும் யாரும் அவளை வீட்டுக்குள் விடவில்லை. இருபது நாள் பார்த்துவிட்டுக் குச்சைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள். போகும்போது நம் வாசல் வழியாகத்தான் போனாள். நீங்கள் உள்ளே யாருக்கோ நியாயம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து இன்னும் ஆறு மீன்கள் வந்தன. இந்தத் தடவை தொட்டியைப் புளி போட்டு, வெந்நீர் ஊற்றி, ஐந்து தடவை அலசச் சொன்னீர்கள். அலசியது நான். மறுபடி ரப்பர் குழாய். மறுபடி கண்ணாடி மாதிரித் தண்ணீர். சாயங்காலத்துக்குள் ஆறும் போய்விட்டன.

“இப்ப வெள்ளையம்மா இல்லையே?” என்றேன். அதைச் சொல்லவே எனக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டது என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

“அவ கை பட்ட தொட்டி. சுண்ணாம்பு கண்ணாடியில ஊறிப்போயிருக்கும்.”

“கண்ணாடியில ஊறுமா?”

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். “ஆரம்பத்துலருந்தே ஒனக்கு இதுக பிடிக்கல. தொட்டிய அலசுனது நீ. எனக்கு எல்லாம் தெரியும்.”

ஊரே மெச்சிய கூர்மையான அறிவு இதுதான். தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டது.

அந்த வாரம், எடுத்து வைத்திருந்த குடும்பப் படத்தை வாங்கிவர ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த பாயை உங்களுக்கும் தெரியும்; ‘படம் பிடிக்கிறவன்’ என்றுதான் சொல்வீர்கள். அவருடைய மேஜையில் அகல வாய்க் கண்ணாடி ஜாடி ஒன்று. உள்ளே ஒரு கொத்து வேலம்பாசி, மூன்று மீன்கள். துள்ளிக்கொண்டிருந்தன.

“பாய், இது என்ன தண்ணி?”

“குழாய்த் தண்ணிதான்மா. வேற எது?”

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அப்படியே புடிச்சு ஊத்தினா எப்படிம்மா பொழைக்கும்? பூச்சி சாகட்டும்னு போடுற பவுடரு, இது வக்கீல் வீட்டு மீனுன்னு பாத்து விட்டுருமா? நம்ம அந்தத் தண்ணியக் குடிக்கிறோம், வயித்துக்குப் போவுது, ஒன்னும் செய்யாது. மீனு அதுலதானே மூச்சு விடுது? செவுளு வெந்துபோகும்.”

உள்ளே இருட்டறைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்துக் காட்டினார். கற்கண்டுத் தூள் மாதிரி இருந்தது.

“இது ஹைப்போ. படங் கழுவுற உப்பு. ஒரு கொடம் தண்ணிக்கு மிளகு தண்டி ஒரு கல்லு போட்டுக் கலக்குங்க, போதும். பவுடரை முறிச்சுரும். நெறையப் போட்டுறாதீங்க. உப்பு வேணாம்னா, வாயகன்ற பாத்திரத்துல ஊத்தி ஒரு நாள், ஒன்றரை நாள் மூடாம ஆறப்போடுங்க. அப்பப்ப கலக்கி விடுங்க. வாடை தானாப் போயிரும். எப்படின்னாலும் தொட்டியில இருக்கிறதுல மூணுல ஒரு பங்குக்கு மேல மாத்தாதீங்க.”

கடைசியாகச் சொன்னது வெள்ளையம்மாள் எனக்குச் சொன்னதுதான். ஆறப்போடுவது அவள் உங்களுக்குச் சொன்னது. ஹைப்போப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

உங்களிடம் உடனே வந்து சொல்லவில்லை. நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். நானே செய்து பார்க்க நினைத்தேன். பாய் கண்மாயில் பிடித்து வரச் சொல்லிக் கெண்டைக்குஞ்சுகள் வாங்கிக் கொடுத்தார். என் அம்மா கொடுத்த செம்பு அண்டாவை நன்றாகத் தேய்த்து, குழாய்த் தண்ணீர் பிடித்து ஒன்றரை நாள் ஆறப்போட்டேன். வாடை சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு குஞ்சுகளை விட்டேன். காலையில் பார்த்தால் இரண்டும் அடியில் கிடந்தன.

அழுதுவிட்டேன். உங்கள் பதினாலு தங்கமீன்களுக்கு அழாதவள், விரல் நீளம்கூட இல்லாத அந்த இரண்டுக்கும் அழுதேன். அவற்றைக் கொன்றது என் கை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

“செம்பா?” என்று பாய் கேட்டார். “யா அல்லா! செம்பு ஊறுன தண்ணி மீனுக்கு வெசம்மா. நான்தான் சொல்ல மறந்துட்டேன், தப்பு என் மேலதான். மண்பானையில வைங்க. இல்லாட்டி எனாமல் வாளி.”

எவ்வளவு எளிதாகச் சொன்னார் பாருங்கள், தப்பு என் மேலதான் என்று. அவர் தலை ஒன்றும் கழன்று விழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேஜை மேல் மூன்று கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் கீரனூர்க்காரர் ஒருவருக்குப் பிராது எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஒன்றில் அப்போது பிடித்த குழாய்த் தண்ணீர். ஒன்றில் மண்பானையில் ஆறப்போட்டது. மூன்றாவதில் ஹைப்போ போட்டுக் கலக்கியது. ஒவ்வொன்றிலும் இரண்டு குஞ்சுகள்.

“என்ன கச்சேரி இது?”

“ஆதாரம்” என்றேன். “நீங்க எழுதி முடிங்க. அதுவும் முடிஞ்சுரும்.”

கட்சிக்காரர் இருந்ததால் கத்த முடியாமல் எழுதினீர்கள். நான் மேஜை ஓரத்திலேயே நின்றேன். முதல் தடவையாக அந்த அறையில் நிலைவாசலைத் தாண்டி நின்றேன். பிராது முடிவதற்குள் முதல் ஜாடியில் இருந்தவை மேலே வந்து காற்றைக் குடிக்க ஆரம்பித்தன. இரண்டாவது காபி நேரத்துக்குள் அவை சாய்ந்துவிட்டன. மற்ற நாலும் ஓடிக்கொண்டிருந்தன. பாவம், அந்த இரண்டையும் நான் தெரிந்தே கொன்றேன். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்ல ஆசைதான். சொல்ல மாட்டேன்.

கீரனூர்க்காரர் குனிந்து பார்த்தார். “ஏனுங்க வக்கீலய்யா, எல்லாம் ஒரே கொழாய்த் தண்ணிங்களா? அப்ப அம்மா செஞ்சு காட்டுறது சரிதானுங்களே!”

நீங்கள் பேனாவை மூடினீர்கள். “மேசையெல்லாம் ஈரம். எடுத்துட்டுப் போ” என்றீர்கள்.

அவ்வளவுதான் தீர்ப்பு. ஆனால் அடுத்த மாதம் முற்றத்தில் நாலு மண்பானைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. உங்கள் மேஜை டிராயரில் ஹைப்போ பொட்டலம், மேலே உங்கள் கையெழுத்தில் ‘மீன் உப்பு, தொடாதே’. புதுத் தங்கமீன்கள் வந்தன. பிழைத்தன. சப்-ஜட்ஜ் வந்தார். நான் காபியும் சிறுமலை வாழைப்பழமும் கொண்டுவந்தபோது நீங்கள் விளக்கிக்கொண்டிருந்தீர்கள்.

“ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணித்தான் சார் கண்டுபிடிச்சேன். பவுடரை முறிக்கணும். செம்புப் பாத்திரம் கூடவே கூடாது, அது பலருக்குத் தெரியாது. என் வீட்டுல உள்ளவங்களுக்கே எவ்வளவு சொன்னாலும் வெளங்குறதில்ல.”

செம்பு விஷயத்தை நான் பாயிடமும் மகளிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். பத்து வயதுப் பெண்ணிடம் ரகசியமாகப் பாடம் கேட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு ஒப்பித்த அந்த நிமிஷத்தில் உங்கள் மேல் இருந்த பயம் எனக்குப் போய்விட்டது. கோபம்கூட வரவில்லை. ஒரு ஆள் இவ்வளவு சின்னதாக இருக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு உங்களோடு எட்டு வருஷம் குடித்தனம் செய்தேன். அந்த ஆச்சரியம் குறையவே இல்லை.

ஒரு நியாயத்துக்காக இதையும் எழுதுகிறேன். சாயங்காலங்களில் கட்சிக்காரர்கள் போன பிறகு, தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது உங்கள் முகம் வேறு மாதிரி இருக்கும். மீன் கண்ணாடியருகே வந்தால் விரலை வைத்து, ஏதோ முணுமுணுப்பீர்கள். அந்த முகத்தில் கால் பங்கை எங்களுக்குக் காட்டியிருந்தால் இந்தக் கடிதத்தின் தொடக்கம் வேறாக இருந்திருக்கும்.

சப்-ஜட்ஜ் போன அன்றே உங்களிடம் கேட்டேன். “வெள்ளையம்மாளைக் கூப்பிட்டுவிடுங்க. அவ மேல தப்பு இல்லைன்னு தெருவுல நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லிருங்க.”

“ஒரு வக்கீல் வேலைக்காரிகிட்டப் போயித் தப்புன்னு சொன்னா, நாளைக்குக் கோர்ட்டுல எவன் மதிப்பான்?”

“அப்ப நான் போறேன்.”

“போயேன். பஸ்ஸுல ஏறத் தெரியுமா ஒனக்கு?”

தெரியாதுதான். தனியாக ஏறியதே இல்லை. மறுநாள் காலை ஏறினேன். சாணார்பட்டியில் இறங்கி, விசாரித்துக்கொண்டே இரண்டு மைல் நடந்தேன். கடலைக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். கறுத்து மெலிந்திருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பவுடர், ஹைப்போ, பானை, மூன்று ஜாடி. ரொம்பப் பெருமையாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். உன் மேல் தப்பே இல்லை என்று நிரூபித்துவிட்டேன் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படுவாள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்திருந்தேன்.

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அன்னைக்கு வாசல்ல நின்னீங்களேக்கா. நான் கைய விடலேன்னு பாத்தீங்கதானே?”

“பாத்தேன்.”

“ஆறு வருசமா ஒங்க வீட்டுல சோறு வடிச்சவ, இதச் செய்ய மாட்டான்னு தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப தண்ணியில என்ன கெடந்துச்சுன்னு கண்டுபுடிச்சப்புறந்தான் என்னயத் தேடி வரணுமா?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வேலைக்குத் திரும்ப வருகிறாயா என்று கேட்க வந்தவள், கேட்காமல் நின்றேன். அவளே சொன்னாள்.

“நான் இனி அங்கிட்டு வாரதா இல்ல. ஆனா எம்பேரு அந்தத் தெருவுல கெடக்கு. அத மட்டும் எடுத்துக் குடுத்துருங்க.”

ஒரு முந்தானை பச்சைக்கடலை அள்ளிக் கொடுத்தாள். என் முந்தானையில் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்து, நம் தெருவில் பதினொரு வீட்டுக்கும் பக்கத்துத் தெருவில் ஆறு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்: “எங்க வீட்டு மீனைக் கொன்னது எங்க வீட்டுக்காரர். குழாய்த் தண்ணிய அப்படியே புடிச்சு ஊத்தினது அவரு. வெள்ளையம்மா ஒன்னும் செய்யல. நான் பாத்துக்கிட்டே சும்மா நின்னேன்.” சிலர் சிரித்தார்கள். சிலர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஆழம் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “நானும் அவளப் பேசிட்டேனே” என்றாள்.

விஷயம் உங்கள் காதுக்கு எட்டியது. நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. தண்டனை என்று நினைத்துக் கொடுத்தீர்கள். நம் கல்யாண வாழ்க்கையில் நிம்மதியான நாற்பது நாள் அதுதான்.

நீங்கள் போன பிறகும் அந்த மீன்கள் இருக்கின்றன. துக்கத்துக்கு வந்தவர்கள் அவற்றைப் பார்த்து, “வாயில்லாச் சீவன், எஜமானைத் தேடுது” என்றார்கள். அவை ஒன்றும் தேடவில்லை. பொரி போட்டால் தின்றன. பத்து நாளுக்கு ஒரு தடவை, ஆறப்போட்ட தண்ணீரில் நாலு குடம் நான்தான் மாற்றுகிறேன். யாராவது கேட்டால் வெள்ளையம்மாள் சொன்ன வழி என்றும், மிச்சத்தை ஸ்டூடியோ பாய் சொன்னார் என்றும் சொல்கிறேன். உங்கள் பெயர் அதில் வருவதில்லை.

போன வாரம் எதிர்வீட்டில் ஒரு சத்தம். கூடத்தில் வைத்த மோதிரத்தைக் காணவில்லை. தினமும் வரும் பூக்காரியைத் தெருவில் நிறுத்தி, கூடையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். மல்லிகை மண்ணில் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையில் இருந்த கரண்டியோடு இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

“இவ எடுத்திருக்க மாட்டா” என்றேன்.

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்? பாத்தீங்களா?”

“பாக்கல. மோதிரம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. இவளைத் தெரியும்.”

மோதிரம் கிடைத்ததா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. அன்று குனிந்து, அவளோடு சேர்ந்து பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன்.